புளூவுக்கு நீ சொன்ன ஜோடி

பரோடாவில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் என் மகனுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராமல் அச்சில் வருவதைப் பார்த்து நீ முகம் சுளிப்பாய். அப்பாவுக்கு இந்த மாதம் எழுத ஒன்றும் அகப்படவில்லை, நம்மைப் பிடித்துப் போட்டுவிட்டார் என்று மருமகளிடம் சொல்வாய். சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. உன் அம்மாவின் சாம்பார், உன் மாமாவின் மூக்குப்பொடி, மாடி வீட்டுக்காரர் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பால் வாங்க ஓடியது என்று கண்ணில் பட்டதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதி ஊரைச் சிரிக்க வைத்தவன்தான் நான். மாடி வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் பனியனைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் இந்த விஷயத்தை உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, உனக்கு மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ மீதியைப் படிக்கமாட்டாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

போன வாரம் உன் அம்மா ஓர் இன்லண்டு லெட்டர் போட்டிருந்தாள். உன் பெண் பிறந்தபோது ஒத்தாசைக்குப் போய் நாலு மாதமாகிறது, இதுவரை மூன்று கடிதம். எல்லாவற்றிலும் அந்த ஊர்க் குழம்பில் வெல்லம் போடுகிறார்கள் என்ற புகார் தவறாமல் இருக்கிறது. குழந்தை குப்புற விழுந்ததையும், மருமகளுக்குக் காய்ச்சல் வந்து போனதையும் எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் இடம் மிச்சமாவானேன் என்று இப்படிக் கிறுக்கியிருந்தாள்: "நம்ம புள்ள கொழந்தையத் தூக்கி வெச்சிக்கினு இங்கிலீஷுல வரிசையா சொல்றான். புளூ, ஷூ, ஜூன்னு. நடுவுல அது முட்டியத் தொட்டு ழெனூன்றான். அது இன்னா வார்த்தை? கேட்டா சொல்லமாட்டேன்றான். உங்களுக்குத் தெரியுமா?"

படித்ததும் முதலில் சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் சிரித்தேன். துணியை எடுத்துத் துடைக்கப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வார்த்தையை எழுதியிருக்கிறாளே தவிர, அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னாயா? இல்லை, நாக்கில் பழைய கசப்பு ஏதோ தட்டுப்பட்டுச் சொன்னாயா? வெல்லத்துக்கும் குழம்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியவள், இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கக்கூடாதா? அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு அந்த வார்த்தையின் கதை தெரியாது. இந்தப் பூமியில் அந்தக் கதை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் பரோடாவில் இருக்கிறான். இன்னொருத்தன் லாஸ்பேட்டை அரசாங்கக் குடியிருப்பில், பால் தீய்ந்த வாடையில் உட்கார்ந்திருக்கிறான்.

தனியாக இருக்கிற ஆம்பிளையின் வீட்டைப் பற்றி நான் நிறைய கேலி எழுதியிருக்கிறேன். இப்போது எனக்கே நேர்ந்திருக்கிறது. மாவு பாக்கெட் எங்கே என்று தேடி, அது மாவு இல்லை கோலப்பொடி என்று தோசைக்கல்லில் ஊற்றிய பிறகு தெரிந்துகொண்டேன். குக்கர் விசில் அடித்தால் "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்கிறேன். எதிர்வீட்டு அம்மாள் வாரம் ஒரு தடவை, உங்க வீட்டுக்காரம்மா எப்போ வருவாங்க என்று கேட்பதுபோல், எங்களுக்குள் ஏதாவது மனஸ்தாபமா என்று விசாரித்துவிட்டுப் போகிறாள். இல்லை என்று சொன்னால் அவள் முகம் வாடிப்போகிறது. பாவம், ஒரு நாள் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் அக்கம்பக்கத்தில் ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் ஒரு வீட்டில் கதவு திறக்கும். என் கதவை நானேதான் திறந்துகொள்ள வேண்டும். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தால், காலையில் நான் மடக்கி வைத்த பேப்பர் மடக்கின மாதிரியே இருக்கும். ஒரு வீட்டில் ஆளில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. காலையில் லாஸ்பேட்டை மேட்டிலிருந்து ஊருக்குள் சைக்கிளில் இறங்கும்போது, குறுக்குத் தெரு வந்தால் வாய் தானாக ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு ஒரு முனையில் "மூன்" என்றேன். பால்கேனோடு நின்ற ஒருவர், என்னையா கூப்பிட்டீங்க என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பெயர் முனியனாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தேன். அடுத்த தெரு வந்தது. ஸ்பூன் என்று சொல்ல ஆள் இல்லை.

உனக்கு இந்த விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்காது. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். நாம் அப்போது முத்தியால்பேட்டையில், பின்கட்டில் கிணறு வைத்த வாடகை வீட்டில் இருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் மிஸ் பலகையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எழுதிப் போடுவார்கள். அதே சத்தத்தில் முடிகிற பத்து வார்த்தையைத் திங்கட்கிழமை எழுதிக்கொண்டு போகவேண்டும். ரிங் என்றால் கிங், சிங், விங். நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். ஊரில் எத்தனையோ அப்பன் இருக்க, இங்கிலீஷுக்கு என்னிடம் வந்தாய் பார், அதுதான் உன் முதல் துரதிருஷ்டம்.

நான் படித்தது பிரெஞ்சில். ப்ரெவே என்கிற பள்ளிப் பரீட்சை தேறியவன் என்று உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது பெருமையாகச் சொன்னார்கள். வேலையும் கிடைத்தது. நான் நாற்காலியில் சரியாக உட்கார்ந்து முடிப்பதற்குள் பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய்விட்டான். கொஞ்ச கொஞ்சமாக ஃபைல் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறியது. என் நிலைமை, மாப்பிள்ளை வீட்டுக்கு மாலையோடு போய் இறங்கினால் அவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு போயிருப்பதுபோல ஆனது. பிரெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. வார்த்தையின் கடைசி எழுத்தை எழுதுவார்கள், வாயால் சொல்லமாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். பதினைந்து வருஷம் அப்படி விழுங்கியே பழகிய வாய் இது. இங்கிலீஷ் படித்தாலும் வால்களை விழுங்கிவிடும். உன் வீட்டுப்பாடமோ முழுக்க முழுக்க வால். "அப்பா, கடைசியில ட் சொல்லணும்ப்பா," என்று நீ என் தாடையைப் பிடித்துத் திருத்துவாய். ஏழு வயசு வாத்தியாரிடம் முப்பத்தேழு வயசில் நான் பாடம் கேட்டேன். ஆபீசில் பிரமோஷனுக்கு இங்கிலீஷ் பரீட்சை தேறவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உனக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் நான் படித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. அந்த வீட்டுப்பாடம் உன்னுடையது இல்லை, என்னுடையது.

அதிலே ஒரு வேடிக்கை எனக்குப் பிடித்திருந்தது. நாம் பாட்டுக் கட்டினால் வார்த்தையின் தலைப்பக்கம் பொருத்தம் பார்ப்போம். இவர்கள் வால்பக்கம் பார்க்கிறார்கள். மூன், ஸ்பூன், நூன். சந்திரனுக்கும் கரண்டிக்கும் உச்சிவெயிலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது, முடிகிற இடத்தில் ஒரே சத்தம், அவ்வளவுதான். இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னால் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகின்றன. நாம் அதற்கு ஜோடி என்று பேர் வைத்தோம். காலையில் சைக்கிளின் முன்கம்பியில் கட்டியிருந்த குட்டி சீட்டில் நீ உட்காருவாய். ஊருக்குள் நுழைந்துவிட்டால் நம் தெருக்கள்தான் கோடு போட்ட மாதிரி ஆயிற்றே, நேர்த் தெருவை அடிக்கடி குறுக்குத் தெரு வெட்டும். அதைவைத்து விதி போட்டோம். ஒரு முனையில் ஒருத்தன் வார்த்தை சொன்னால், அடுத்த முனை வருவதற்குள் மற்றவன் ஜோடி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தோல்வி. பெல் என்பாய். நான் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே டெல் என்பேன். எனக்கு வார்த்தை அகப்படாதபோது மெதுவாக மிதிப்பேன். நீ பின்னால் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா ஸ்லோ பண்றே, அழுகுணி ஆட்டம்," என்பாய். உன் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வாடை வரும். இதை எழுதும்போதும் வருகிறது. உன் அம்மா அலமாரியில் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன், இல்லை.

இப்படிக் கொத்துக் கொத்தாக வார்த்தை படித்ததில் ஆபீசில் ஒரு கூத்து நடந்தது. எனக்கு அர்த்தம் மறந்துபோகும், சத்தம் மறக்காது. ஒரு கடிதத்துக்கு டிராஃப்ட் எழுதச் சொன்னார்கள். ரைட் எழுதவேண்டிய இடத்தில் டைட், அதற்குக் கீழே நைட், கடைசியில் லைட் என்று எழுதிக்கொண்டு போய் வைத்தேன். மதராசிலிருந்து வந்திருந்த எங்கள் சூப்பரிண்டெண்டு அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இது குடிநீர்க் குழாய் விஷயமாக எழுதின கடிதமா, நலங்குப் பாட்டா என்று கேட்டார். ஆபீஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதைப் பிற்பாடு இந்தப் பக்கத்திலேயே எழுதிப் பேர் வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்ததற்கு இது சமாதானம் இல்லை, ஆனால் அப்போது என் மனசில் இந்தப் பயம் இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

அந்த வருஷம் பெற்றோர் தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சைக்கிளில் நீ புளூ என்றாய். நான் ஷூ என்றேன். நீ ஜூ. நான் டூ. நீ ட்ரூ. இப்படி ஏழெட்டு முனை கடந்துவிட்டது. எனக்கு மூச்சும் போச்சு, வார்த்தையும் போச்சு. அடுத்த முனை கண்ணுக்குத் தெரிகிறது, நீ கழுத்தைத் திருப்பி என் வாயையே பார்க்கிறாய். ஒரு பிள்ளையிடம் தோற்றுப்போனால் குடியா முழுகிவிடும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. "ழெனூ," என்றேன். அது பிரெஞ்சு. முழங்காலுக்குப் பிரெஞ்சில் அதுதான் பேர். எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். நீ, அப்படின்னா இன்னா என்று கேட்டாய். முட்டி என்றேன். முட்டிக்கு மிஸ் வேற வார்த்தை சொன்னாங்களே என்று மடக்கினாய். "அது சின்னப் பசங்க முட்டிடா. இது பெரியவங்க முட்டி," என்றேன். நீ அதை நம்பினாய். நம்பியது மட்டுமா? யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தை உன்னிடம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாய். அந்த வாரம் முழுக்க சைக்கிளில் முட்டியைத் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாய். ஒரு தடவையாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நீ அவ்வளவு அழகாகச் சொல்கிறாயே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். வால் விழுங்காத பிள்ளைக்கு என் பழைய வார்த்தை எவ்வளவு நன்றாக வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு.

பெற்றோர் தினம் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உன் அம்மாவுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை, நான் மட்டும் வந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் எங்கள் சூப்பரிண்டெண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகனும் அங்கேதான் படித்தான். என் பிரமோஷன் காகிதம் அப்போது அவர் மேஜையில் இருந்தது. பேச்சு, பாட்டு எல்லாம் முடிந்து ஜோடி வார்த்தைப் போட்டி வைத்தார்கள். மேடையில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்கவேண்டும். மிஸ் ஒரு வார்த்தை கொடுப்பார்கள், மாற்றி மாற்றிச் சொல்லவேண்டும், மூன்று எண்ணுவதற்குள் சொல்லாதவர் அவுட். உங்கள் வகுப்பில் கடைசியாக மிஞ்சியது நீயும் ரெட்டை ஜடை போட்ட ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணும். மிஸ் புளூ என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது நம் தெருமுனை வார்த்தை ஆயிற்றே. நீ ஷூ என்றாய். அவள் ஜூ. நீ ட்ரூ. அவள் நியூ. அப்படியே பத்துப் பன்னிரண்டு ஓடியது. அவளுக்கு வார்த்தை தீர்ந்தபோது மிஸ் ஒன், டூ என்று எண்ணினார்கள், அந்த டூவையே பிடித்துக்கொண்டு தப்பித்தாள், கெட்டிக்காரி. மறுபடி உன் முறை. நீ கூரையைப் பார்த்தாய். மிஸ் எண்ண ஆரம்பித்தார்கள். உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கடைசிக்கென்று பத்திரமாக வைத்திருந்த மிட்டாயை எடுக்கிறவன் மாதிரி குனிந்து, முட்டியைத் தொட்டு, "ழெனூ," என்றாய்.

ஹாலில் பாதிப் பேர் அது இங்கிலீஷ் இல்லை என்று சிரித்தார்கள். மீதிப் பேர் அது பிரெஞ்சு என்று தெரிந்து சிரித்தார்கள். நம்ம ஊர் அப்படி. மிஸ் கேரளத்துக்காரர், அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. அப்படி ஒரு வார்த்தை கிடையாது என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். நீ விடவில்லை. "இருக்கு மிஸ். பெரியவங்க முட்டி. எங்கப்பாதான் சொன்னாரு. அதோ எங்கப்பா," என்று கையை நீட்டினாய். எல்லாத் தலையும் திரும்பியது. அதில் சூப்பரிண்டெண்டின் தலையும் ஒன்று. உங்க பையனா என்று அவர் கேட்டார். உதட்டில் அந்த நலங்குப் பாட்டுச் சிரிப்பு.

நான் எழுந்து நின்றேன். ஆமாம் சார், அது பிரெஞ்சு வார்த்தை, நான்தான் விளையாட்டுக்கு இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருந்தால், இன்னும் ஒரு நிமிஷம் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதானே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அவன் இப்படித்தான், தானா எதையாவது கட்டி வுடுவான்."

நீ அழவில்லை. குனிந்தவன் நிமிரவுமில்லை. கை அந்த முட்டியிலேயே இருந்தது. என்னைப் பார்த்தாய், கோபமாக இல்லை. கணக்கில் விடை தப்பாக வந்தால், எந்த வரியில் தப்பு என்று தேடுவாயே, அப்படிப் பார்த்தாய். எனக்குப் பக்கத்து நாற்காலியில் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதோரமாகக் குனிந்து, "முசியே, புள்ள பொய் சொல்லலியே. அது நம்ம வார்த்தை ஆச்சே. ஏன் தெரியாதுன்னீங்க?" என்று கேட்டார். எனக்கு அவசரமாக இருமல் வந்தது. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது முதல் முனையில் நான் "பெல்" என்றேன். அடுத்த முனையில் நானே "டெல்" என்றேன். அதற்கு அடுத்த முனையில் "வெல்" என்றேன். நீ கழுத்தைத் திருப்பவே இல்லை. உன் பின்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு முத்தியால்பேட்டை வரைக்கும் மிதித்தேன். வீட்டில் உன் அம்மா வாசலிலேயே நின்று, இன்னாச்சு என்று கேட்டாள். நீ என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாய் என்று நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதையே பெரிய வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். "தோத்துட்டேம்மா," என்றாய். அவ்வளவுதான். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அதனால்தான் அவள் இன்றைக்கு அந்த வார்த்தை என்ன என்று வெகுளியாகக் கேட்டு எழுதுகிறாள். நான் உன்னை நாலு பேர் முன்னால் பொய்யனாக்கினேன். நீ என்னை உன் அம்மா முன்னால்கூட ஆக்கவில்லை. ஏழு வயசில் உனக்கு இருந்த மானம் முப்பத்தேழு வயசில் எனக்கு இல்லை.

எனக்குப் பிரமோஷன் வந்தது. நீ அடுத்த வருஷத்திலிருந்து பள்ளிக்கு நடந்து போக ஆரம்பித்தாய். வீட்டுப்பாடத்துக்கு என்னிடம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் பரிசு என்ன வேண்டும் என்று கேட்டார்களாம், டிக்ஷனரி என்றாயாம். மற்றபடி எனக்கு நீ எந்தக் குறையும் வைக்கவில்லை. கூப்பிட்டால் வந்தாய், சொன்னதைச் செய்தாய். ஆனால் நான் மணி அஞ்சு என்று சொன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வாய். விழுப்புரத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் ஒரு தரம் கேட்பாய். உன் கல்யாணத்தன்றுகூட, முகூர்த்தம் ஏழரைக்கு என்று நான் சொன்னதும் பட்டுவேட்டி மடிப்பிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பார்த்துக்கொண்டாய். யாருக்கும் அது தெரிந்திருக்காது. மாப்பிள்ளை ரொம்ப ஜாக்கிரதை என்று சம்பந்தி மெச்சினார். அந்த ஜாக்கிரதையை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். முதலில் வெட்கம். பிறகு, நீ மறந்திருப்பாய், கிளறுவானேன் என்ற சௌகரியமான நினைப்பு. அதற்குப் பிறகு என் தொழில். என்னை நானே கேலி செய்து எழுதுவதில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. என் தொப்பையைப் பற்றி, என் வழுக்கையைப் பற்றி, என் இங்கிலீஷைப் பற்றி எழுதியிருக்கிறேன். தன்னையே இப்படிக் காட்டிக்கொள்கிற மனுஷன் எதையும் மறைக்கமாட்டான் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வருகிற இடம்வரைக்கும் எழுதுவேன், வராத இடம் வந்தால் பேனாவை மூடிவிடுவேன். இந்தக் கதையைப் பாதிவரைக்கும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். பெரியவங்க முட்டி என்ற இடத்தில் நிறுத்திவிட்டால் நல்ல நகைச்சுவை.

இப்போது நீயும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். புத்தி சொல்லும் வயசு எனக்கு, கேட்கும் வயசு உனக்கு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீ வேண்டுமானால் டிக்ஷனரியில் சரிபார்த்துக்கொள். உன் பெண்ணோடு விளையாடும்போது தோற்றுப்போ. வேண்டுமென்றே தோற்காதே, அதை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், நிஜமாகவே தோற்றுப்போ. தெரியாத வார்த்தை வந்தால் தெரியாது என்று சொல். ஆபீசில் யார் சிரித்தாலும் அந்தச் சிரிப்பைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே போ. பொய் சொல்லாமல் பிள்ளை வளர்க்கமுடியாது, எனக்குத் தெரியும், நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்றுதான் சோறு ஊட்டவேண்டும். ஆனால் என்றைக்காவது அவள் மேடையில் நின்று, அதோ எங்கப்பா என்று கையை நீட்டினால், எழுந்து நின்று ஆமாம் என்று சொல். மற்றதையெல்லாம் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொய்யும் பாக்கி இருக்கிறது. குழந்தைக்குப் பேர் வைக்க வரச்சொல்லி எழுதியிருந்தாய். லீவு கிடைக்கவில்லை என்று நான் பதில் போட்டேன். கிடைத்தது. பத்து நாள் கொடுத்தார்கள், கேட்காமலே இரண்டு நாள் சேர்த்தும் கொடுத்தார்கள். அத்தனை நாளும் இந்த வீட்டில்தான் இருந்தேன். எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெரியும், அவள் மனஸ்தாபம் என்று முடிவு கட்டியதே அதனால்தான். உன் வீட்டுக்கு வந்தால் நீ மரியாதையாக நாற்காலி போடுவாய், சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாய், பிறகு நாம் இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குப் பயந்துகொண்டு வரவில்லை. உன் பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை ஏன் அச்சில் போட்டேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நான் உன்னை மறுத்தது ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால். ஒத்துக்கொள்வதை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டினால் அது நியாயமில்லை. அந்த சூப்பரிண்டெண்டு ரிட்டயராகி இந்த இதழை விடாமல் படிக்கிறார் என்று கேள்வி. அவரும் படிக்கட்டும். சார், அந்த வார்த்தையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் பிள்ளை எதையும் கட்டி விடுகிறவன் இல்லை.

உன் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அவள் திட்டுவாள், திட்டட்டும். அவளுக்கு நான் பதில் எழுதவில்லை, நீயே சொல்லிக்கொள். எனக்கு நீ பெரிய கடிதம் எழுதவேண்டாம், உனக்கு அது வராது. அன்றைக்கு மேடையில் உன் முறை அப்படியே நிற்கிறது. மிஸ் கொடுத்த வார்த்தையையே நான் திரும்பக் கொடுக்கிறேன்: புளூ. ஒரு கார்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடு, அதைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறேன். எந்த வார்த்தை வேண்டுமானாலும் எழுது. அந்தப் பழைய வார்த்தையே எழுதினாலும் சரி, வாசற்படியில் நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி படிப்பேன்.

அவசரமில்லை. நான் மூன்று எண்ணமாட்டேன்.